நாரைக்கு முதல்ல வயிறு வரையணும்

பத்து வருஷமா நோட்டுல ஒரு விமானத்தை வளர்த்துட்டு வர்றேன். எந்த நாட்டு விமானப்படையிலயும் அது கிடையாது, என் கதையில மட்டும்தான் இருக்கு. பேரு நாரை. நாலு டர்போப்ராப் இன்ஜின் (டர்பைன் ப்ரொப்பெல்லரைச் சுத்துற வகை), 12 டன் சுமை தூக்குற ராணுவ போக்குவரத்து விமானம். கதைக்கு ஒரு மலைநாடு வேணும்னு யோசிச்சேன், ரோடு போட முடியாத பள்ளத்தாக்கு, வருஷத்துல பாதி நாள் பனி மூடின கணவாய், அந்தப் பக்கம் இருக்கிற ஊர்களுக்கு அரிசியும் மருந்தும் படையும் போகணும்னா வானம் வழியாத்தான் போகணும்னு வச்சப்ப, அப்போ இவங்ககிட்ட எந்த மாதிரி விமானம் இருக்கும்னு ஒரு கேள்வி வந்துச்சு. கதை இன்னும் முடியலை. அந்தக் கேள்வி மட்டும் நாலு நோட்டு தாண்டிடுச்சு.

ஆரம்பத்துல நான் செஞ்சது எல்லாரும் செய்றதுதான், வெளித்தோற்றத்தை வரைஞ்சேன். மூக்கு இப்படி, இறக்கை மேல, வால் உயரமா டி வடிவத்துல. பார்க்க அழகாத்தான் இருந்துச்சு. ஆனா அதுல உயிர் இல்லை, ஏன் இல்லைன்னு அப்போ எனக்குப் புரியலை. அமெரிக்காவோட சி-130 ஹெர்குலிஸ்ங்கிற ராணுவ சரக்கு விமானம் எப்படி உருவாச்சுன்னு உட்கார்ந்து படிச்சப்பதான் பிடிபட்டுச்சு. 1951ல அமெரிக்க விமானப்படை கம்பெனிகளுக்கு அனுப்பின தேவைப் பட்டியல்ல விமானம் எப்படி இருக்கணும்னு யாரும் படம் போட்டுக் கொடுக்கலை, உள்ள என்ன போகணும்னு சொன்னாங்க. 92 வீரர்கள் இல்லேன்னா 64 பாராட்ரூப்பர்கள் உட்காரணும், சரக்கு அறை சுமாரா 12 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 2.7 மீட்டர் உயரம், பின்பக்கம் சாய்வுப் பலகை, மோசமான மண் தரையில இறங்கணும், ஒரு இன்ஜின் நின்னாலும் பறக்கணும். மொத்தத்துல ஒரு பெட்டி. அந்தப் பெட்டியைச் சுத்தித்தான் விமானம் வந்துச்சு. அதுவரைக்கும் வேகமான அழகான விமானங்களா செஞ்சு பேர் வாங்கின, இதைச் செஞ்ச லாக்ஹீட் கம்பெனியிலயே, அவங்களோட பெரிய டிசைனர் கெல்லி ஜான்சனுக்கு இந்த வடிவம் பிடிக்கவே இல்லை. 1954 ஆகஸ்ட் 23ல முதல்ல பறந்தது, இன்னைக்கும் தயாரிப்புல இருக்கு, 2,500க்கு மேல செஞ்சாச்சு.

அதனால நோட்டுல இருந்த படத்தையெல்லாம் ஓரமா வச்சிட்டு சாக்பீஸும் அளவு டேப்பும் எடுத்துட்டு மாடிக்குப் போனேன். என் முதல் கணக்குல நாரையோட சரக்கு அறை அகலம் 2.6 மீட்டர். ராணுவ லாரி ஒண்ணு 2.4 மீட்டர் அகலம்னு வச்சுக்கிட்டேன், உள்ள போயிடும், பேப்பர்ல எல்லாம் சரிதான். தரையில 2.6 மீட்டருக்கு ரெண்டு கோடு இழுத்தேன், நடுவுல 2.4 மீட்டருக்கு லாரியை வரைஞ்சேன், அப்புறம் லாரிக்கும் சுவருக்கும் நடுவுல நின்னு பார்த்தேன். ரெண்டு பக்கமும் 10 சென்டிமீட்டர்தான். என் பாதம் குறுக்கால வைக்கக்கூட இடம் இல்லை. லாரியை உள்ள ஏத்திட்டா அதைத் தரையில இருக்கிற வளையங்கள்ல சங்கிலி போட்டு இழுத்துக் கட்டணும், அந்த வேலையைச் செய்ற லோட்மாஸ்டர் எங்க குனிவார், எங்க கை விடுவார்? நடுவானத்துல ஒரு சங்கிலி தளர்ந்துச்சுன்னா அந்தப் பக்கம் எப்படிப் போவார்? பத்து வருஷத்துல நாரைக்கு உயிர் வந்த முதல் நிமிஷம் அதுதான்னு நினைக்கிறேன், ஏன்னா அப்பதான் அதுக்குள்ள ஒரு மனுஷன் நின்னார்.

அகலத்தை 3.2 மீட்டர் ஆக்கினேன். ரெண்டு பக்கமும் 40 சென்டிமீட்டர், பக்கவாட்டுல நகர்ந்து போகலாம், மண்டி போட்டுக் கட்டலாம். ஆனா அந்த 60 சென்டிமீட்டர் சும்மா வராது. உடல் பெருசாச்சு, காத்து எதிர்ப்பு கூடுச்சு, எடை கூடுச்சு, எடை கூடினதால இறக்கை பெருசாச்சு, இறக்கை பெருசானதால எரிபொருள் கூட வேணும், அதைத் தூக்க இன்னும் கொஞ்சம் இறக்கை வேணும். நிஜ டிசைனர்கள் எல்லாரும் பயப்படுற சுழல் இது, ஒரு கிலோ கூட்டினா அது ஒரு கிலோவா நிக்காது. நான் ஒரு வாரம் கால்குலேட்டரோட உட்கார்ந்து இதைப் பண்ணினேன், கடைசியில நாரையோட காலி எடை கிட்டத்தட்ட 3 டன் ஏறிடுச்சு. ஒரு ஆள் பக்கத்துல நடந்து போறதுக்காக 3 டன். அது நியாயமான விலைன்னுதான் எனக்குப் பட்டுச்சு, இப்பவும் அப்படித்தான் படுது.

பெட்டி தப்பானா என்ன ஆகும்ங்கிறதுக்கு சி-141 ஸ்டார்லிஃப்டரை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரிஞ்சு இல்லை. 1963 டிசம்பர்ல முதல்ல பறந்த ஜெட் விமானம், நாலு டர்போஃபேன் வகை ஜெட் இன்ஜின், கண்டம் விட்டு கண்டம் போகும், நிறைய எடை தூக்கும். ஆனா அதோட சரக்கு அறையோட அகலமும் உயரமும் கிட்டத்தட்ட சி-130ல இருந்த அதே அளவுதான். என்ன ஆச்சுன்னா, எடை வரம்பை எட்டுறதுக்கு ரொம்ப முன்னாடியே இடம் நிறைஞ்சு போச்சு, தூக்க சக்தி இருந்தும் வைக்க இடம் இல்லாம அரைகுறை எடையோட கடல் தாண்டிப் பறந்துச்சு. கடைசியில 1970களோட கடைசியில ஆரம்பிச்சு அந்த விமானங்களோட உடலை வெட்டி, இறக்கைக்கு முன்னாடியும் பின்னாடியும் துண்டு சேர்த்து, மொத்தம் 7 மீட்டர் நீட்டினாங்க. 10 பேலட் (சரக்கை அடுக்கிக் கட்டுற பலகை) ஏத்தினது 13 பேலட் ஏத்துச்சு. 270 விமானங்களுக்கு இதைப் பண்ணினாங்க, அதனால கிடைச்ச கூடுதல் இடம் 90 புது விமானம் வாங்கினதுக்குச் சமம்னு கணக்குச் சொன்னாங்க. 90 விமானம் அளவு இடத்தை அத்தனை வருஷமா விட்டுட்டுப் பறந்திருக்காங்கன்னு இதைத் திருப்பிப் படிச்சா மனசு என்னவோ பண்ணும்.

இன்னொரு பக்கம் பெட்டி வெளியில இருக்கிற உலகத்தையும் மாத்தும். அமெரிக்க ராணுவம் ஸ்ட்ரைக்கர் கவச வண்டியைக் கேட்டப்ப, அது சி-130குள்ள போகணும்ங்கிறது ஒரு நிபந்தனை. 1951ல யாரோ எழுதின 3 மீட்டர் அகலம், அரை நூற்றாண்டு கழிச்சு ஒரு கவச வண்டி எவ்வளவு அகலமா இருக்கலாம்னு முடிவு பண்ணுது. ஐரோப்பாவுல ஏ400எம்ங்கிற ராணுவ போக்குவரத்து விமானத்தைச் செஞ்சப்ப அறையை 4 மீட்டர் அகலம், 3.85 மீட்டர் உயரம்னு எடுத்தாங்க, நவீன வண்டிகள் பழைய பெட்டிக்குள்ள அடங்காம போனதுதான் காரணம். என் கதையிலயும் இதை வச்சிருக்கேன், நாரை வந்து இருபது வருஷம் கழிச்சு அந்த நாட்டு லாரிக் கம்பெனி ஒரு புது லாரி செய்யுது, அதோட கண்ணாடி மடங்குற மாதிரி இருக்கு. ஏன்னு லாரி ஓட்டுறவங்களுக்கே தெரியாது. நாரைக்குள்ள போறதுக்காகத்தான்.

சரி, பெட்டி முடிவாச்சு, அடுத்து எங்க இறங்கப் போகுது? என் மலைநாட்டுல முக்கியமான ரன்வே 3,500 மீட்டர் உயரத்துல இருக்கு, 900 மீட்டர் நீளம், மண் தரை. அந்த உயரத்துல காத்தோட அடர்த்தி கடல் மட்டத்துல இருக்கிறதுல சுமாரா 70 சதவீதம்தான். அதே இறக்கை அதே எடையைத் தாங்கணும்னா நிஜ வேகம் கிட்டத்தட்ட 20 சதவீதம் கூட வேணும், வேகம் 20 சதவீதம் கூடினா அதை நிறுத்துற தூரம் 40 சதவீதத்துக்கு மேல கூடும், ஏன்னா தூரம் வேகத்தோட வர்க்கத்துல போகும். மேல ஏறும்போது இன்னும் மோசம், மெல்லிய காத்துல இன்ஜினோட சக்தியும் குறையுது. இந்தக் கணக்கைப் போட்ட அன்னைக்கு என் பழைய நாரை அந்த ரன்வேல இறங்கவே முடியாதுன்னு தெரிஞ்சுச்சு. நோட்டுல ரெண்டு அத்தியாயத்துக்கு அது அங்க இறங்கிட்டு இருந்துச்சு, ரெண்டையும் அடிச்சிட்டேன்.

மெதுவா பறக்கிறதுக்கு வழி நிறைய இருக்கு. போயிங்கும் மெக்டொனெல் டக்ளஸும் 1970கள்ல ரெண்டு வகை சோதனை விமானம் செஞ்சாங்க, ஒய்சி-14, ஒய்சி-15. ஒண்ணு ஜெட் புகையை இறக்கையோட மேல்பரப்புல ஓடவிட்டு, ஃப்ளாப் (இறக்கையோட பின்விளிம்புல கீழ இறங்குற பலகை) வழியா கீழ வளைச்சது, இன்னொண்ணு இறக்கைக்குக் கீழ வர்ற புகையை நேரா ஃப்ளாப் மேல அடிச்சது. ரெண்டுமே நல்லாப் பறந்துச்சு, ரெண்டையும் வாங்கலை, 1979ல திட்டத்தையே மூடிட்டாங்க. ஆனா ஒய்சி-15ல கத்துக்கிட்டது பின்னாடி அமெரிக்காவோட சி-17 சரக்கு விமானத்துல வந்துச்சு. என் நாட்டுக்கு ஜெட் சரிப்படாது, புழுதியும் கல்லும் பறக்கிற தரை, எரிபொருளையே விமானத்துல கொண்டுபோற ஊர். டர்போப்ராப்ல ஒரு பெரிய சௌகரியம், ப்ரொப்பெல்லர் தள்ளுற காத்து இறக்கை மேல எப்பவும் ஓடிட்டே இருக்கும், பெரிய ஃப்ளாப்பை அந்தக் காத்துல இறக்கினா விமானம் மெதுவா வந்தாலும் இறக்கை தூக்குறதை விடாது.

ஆனா அதுலயே ஒரு ஆபத்து. மெதுவா வரும்போது ஒரு இன்ஜின் நின்னா அந்தப் பக்க இறக்கையோட தூக்கு சக்தியும் சேர்ந்து போகும், மூக்கு அந்தப் பக்கம் இழுக்கும், அதை எதிர்த்துப் பிடிக்க வேண்டியது வால்ல இருக்கிற ரட்டர்ங்கிற திருப்புப் பலகை, மெதுவா போறப்ப ரட்டருக்கும் பலம் கம்மி. இந்த மாதிரி விமானங்களுக்கெல்லாம் ஏன் இவ்வளவு பெரிய வால்னு சின்ன வயசுல யோசிப்பேன், கம்பீரத்துக்குன்னு நினைச்சிட்டு இருந்தேன். ஒரு இன்ஜின் நிக்கிற அந்தக் கெட்ட நிமிஷத்துக்குத்தான் அவ்வளவு பெரிய வால். சி-130ல நாலு ப்ரொப்பெல்லரும் ஒரே பக்கம் சுத்துறதால இடது வெளிப்பக்க இன்ஜின் நின்னாத்தான் நிலைமை ரொம்ப மோசம். ஏ400எம்ல ஒவ்வொரு இறக்கையிலயும் ரெண்டு ப்ரொப்பெல்லர் எதிரெதிரா சுத்தும், அதனால ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி நடந்துக்கும், வாலைக் கொஞ்சம் சின்னதா வைக்கலாம். நாரைக்கும் அதையே எடுத்துக்கலாம்னு ஒரு வருஷம் ஆசையா வச்சிருந்தேன். அப்புறம் விட்டுட்டேன். எதிர்ப்பக்கம் சுத்துறதுக்கு வேற கியர்பாக்ஸ் வேணும், வேற ப்ரொப்பெல்லர் வேணும், மலை மேல ஒரு கொட்டகையில ஸ்பேர் வைக்கிறவங்க ரெண்டு வகையை வச்சுக்கணும். தப்பான வகை மட்டும் கையிருப்புல இருக்கிற ஒரு நாள் கண்டிப்பா வரும். பெரிய வாலே இருக்கட்டும்.

சக்கரத்துல நான் ரொம்ப நேரம் செலவழிச்சேன், எனக்கு அது பிடிச்ச பகுதி. ஜெர்மன்காரங்க ரெண்டாம் உலகப்போர்ல அராடோ 232னு ஒண்ணு செஞ்சாங்க, வயித்துக்குக் கீழ 22 சின்னச் சக்கரம், பூரான் மாதிரி இருக்கும், மரவட்டைன்னுதான் பேரும் வச்சாங்க. இறங்கினதுக்கு அப்புறம் பெரிய சக்கரத்தை மடக்கி உடம்பைத் தாழ்த்துவாங்க, சின்னச் சக்கரங்கள் மேல உக்காந்து குழியையும் மேட்டையும் தாண்டும், பின்பக்கக் கதவும் தரைக்குப் பக்கத்துல வந்துடும். 1941லயே இதை யோசிச்சிருக்காங்க. பின்னாடி வந்தவங்க அதைவிடச் சுலபமான வழி கண்டுபிடிச்சாங்க, ஒரு பக்கத்துக்கு ரெண்டு சக்கரம், ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணு. முன் சக்கரம் மண்ணை அமுக்கிக் கொடுக்கும், பின் சக்கரம் அந்த அமுங்கின தடத்துலயே ஓடும். டயர்ல காத்தழுத்தம் கம்மி, சக்கரம் உடம்போட பக்கவாட்டுப் புடைப்புக்குள்ள மடங்கும், சரக்கு அறையைத் தொடாது. ஒரு டாங்கி எடையைத் தூக்க ஆசைப்பட்டு ஜெர்மன்காரங்க செஞ்ச மெஸ்ஸர்ஷ்மிட் 323 கிகான்ட்டையும் படிச்சேன், 1943 ஏப்ரல் 22ல துனிசியாவுக்குப் போன 27ல 21ஐ கடல் மேலயே சுட்டு வீழ்த்திட்டாங்க. ஆறு இன்ஜின் இருந்தும் அவ்வளவு மெதுவான விமானம். அதைப் படிச்சதுக்கு அப்புறம் நாரையைப் பெருசாக்கணும்ங்கிற ஆசை எனக்குப் போயிடுச்சு.

பின்பக்கச் சாய்வுப் பலகை, அதாவது ராம்ப், ஏன் அவ்வளவு முக்கியம்னு கேட்டா நான் எப்பவும் சொல்றது 1950 டிசம்பர் கொரியா. சோசின் ஏரிக்குப் பக்கத்துல மலைப்பாதையில இருந்த பாலத்தை எதிரிப் படை உடைச்சுடுச்சு, ஆயிரக்கணக்கான அமெரிக்க மரீன் வீரர்கள் கொட்டுற பனியில அந்தப் பக்கம் மாட்டிக்கிட்டாங்க. டிசம்பர் 7ஆம் தேதி சி-119 சரக்கு விமானங்கள் பாலத்தோட துண்டுகளையே பாராசூட்ல போட்டுச்சு, ஒவ்வொண்ணும் ஒரு டன்னுக்கு மேல, மொத்தம் 8. ஒண்ணு எதிரி கைக்குப் போச்சு, ஒண்ணு உடைஞ்சுச்சு, மிச்சத்தை வச்சுப் பாலம் போட்டு வண்டிகளோட வெளிய வந்தாங்க. ஆனா சி-119ல பறக்கும்போது பின்கதவைத் திறக்க முடியாது, பெரிய சரக்கு போடணும்னா தரையிலயே கதவைக் கழட்டி வச்சிட்டு வாயைத் திறந்தபடியே பறக்கணும், அந்தக் குளிர்ல. பறக்கும்போதே திறந்து மூடுற ராம்ப் ஹெர்குலிஸ்ல வந்துச்சுன்னா அந்த மாதிரி நாட்கள்ல இருந்துதான் வந்துச்சு.

ராம்ப் வச்சா வால் பக்கம் மேல வளையணும், அப்படி வளைஞ்ச இடத்துல காத்து ஒட்டாம ரெண்டு சுழலா பிரிஞ்சு பின்னாடி இழுக்கும். பொட்டலம் வெளிய போற நேரம் இன்னும் கஷ்டம், 5 டன் பின்னாடி உருண்டு போகப்போக விமானத்தோட எடை மையம் வால் பக்கம் நகரும், மூக்கு தூக்கும், பைலட் ஸ்டியரிங்கை முன்னாடி அமுக்கிட்டே இருப்பார், பொட்டலம் விளிம்பைத் தாண்டின நொடியில எல்லாம் தலைகீழா மாறும். கதையில இந்தக் காட்சியை பைலட் பார்வையில எழுதியிருந்தேன். மாத்தி லோட்மாஸ்டர் பார்வையில எழுதினேன், தரை காலுக்குக் கீழ சாயுறது அவருக்குத்தான் முதல்ல தெரியும்.

இன்ஜின் பத்தி அதிகம் சொல்ல மாட்டேன், என் நாடு இன்ஜினை வெளியில இருந்து வாங்குது, அவ்வளவுதான். புது விமானமும் புது இன்ஜினும் ஒண்ணா ஆரம்பிச்சா என்ன ஆகும்னு ஏ400எம் காட்டுச்சு, அதுக்குன்னே செஞ்ச 11,000 குதிரைசக்தி இன்ஜினைக் கட்டுப்படுத்துற சாஃப்ட்வேருக்கு அனுமதி வாங்குறதுல இழுத்துச்சு, 2009 டிசம்பர்லதான் முதல்ல பறந்துச்சு. 2015 மே 9ஆம் தேதி ஸ்பெயின்ல செவில் பக்கத்துல புது விமானம் ஒண்ணு சோதனைப் பறப்புல விழுந்து 4 பேர் இறந்தாங்க. மூணு இன்ஜின்ல முறுக்குவிசையை அளக்கத் தேவையான டேட்டா சாஃப்ட்வேர் ஏத்தும்போது அழிஞ்சு போயிருந்தது. இன்ஜின் சரியா இருந்தது, அதுக்குத் தன்னோட சக்தி எவ்வளவுன்னு தெரியாம போச்சு.

இதைப் படிச்சதுக்கு அப்புறம் என் கதையில இருந்த ஒரு விபத்தை எடுத்துட்டேன். ஒரு சோதனை விமானம் மலையில மோதுற மாதிரி எழுதியிருந்தேன், கதைக்கு விறுவிறுப்பு வேணும்னு மட்டும்தான் அது இருந்துச்சு, நிஜமா அப்படிப் போனவங்களை நினைச்சா அதை அப்படியே விட மனசு வரலை. பதிலா ஒரு கொட்டகைக்குள்ள நடக்கிற தோல்வியை வச்சேன். ஒவ்வொரு புது விமான டிசைனுக்கும் ஒரு உடம்பைப் பறக்கவே விடாம இரும்புச் சட்டத்துல மாட்டி, இறக்கையை ஹைட்ராலிக் ஜாக்கால மேல வளைப்பாங்க. வாழ்நாள்ல வரக்கூடிய அதிகபட்ச சுமை 100 சதவீதம்னா, 150 வரைக்கும் உடையாம தாங்கணும். சி-17 இறக்கை 1992 அக்டோபர்ல 128லயே போச்சு. பலப்படுத்தி மறுபடி சோதிச்சாங்க, 145ல போச்சு. அதே சி-17 பிறகு 279 செஞ்சாங்க, உலகத்துலயே நம்பகமான விமானங்கள்ல ஒண்ணு. நாரையோட இறக்கை 131ல உடையுது. என் கதையில வர்ற தலைமை இன்ஜினியர் அந்தச் சத்தம் கேட்டு ஓடலை, உட்கார்ந்த இடத்துலயே நோட்டுல 131னு எழுதிட்டு அடியில கோடு போடுறாங்க. பத்து வருஷத்துல நான் எழுதினதுலயே அந்த ஒரு பக்கத்தை மாத்தவே இல்லை.

போன வாரம் வரைக்கும் நாரை முடிஞ்சுதுன்னுதான் நினைச்சேன். சும்மா ஒரு அட்டையில 1:20 அளவுல லாரியோட பக்கவாட்டு உருவம் வெட்டினேன், 2.6 மீட்டர் உயரம், அதாவது அட்டையில 13 சென்டிமீட்டர். இன்னொரு அட்டையில நாரையோட பின்பக்கத்தை வெட்டினேன், தரையில இருந்து அறையோட தளம் 1 மீட்டர் உயரம், ராம்ப் 3 மீட்டர் நீளம், உள்கூரை 2.75 மீட்டர். லாரி உள்ள நேரா நின்னா மேல 15 சென்டிமீட்டர் மிச்சம் இருக்கு, எப்பவோ போட்ட கணக்கு, திரும்பிப் பார்த்ததே இல்லை. லாரி அட்டையை ராம்ப்ல மெதுவா ஏத்தினேன். முன்சக்கரம் தளத்தோட விளிம்பைத் தொடுது, பின்சக்கரம் இன்னும் தரையில, லாரி மூக்கைத் தூக்கிட்டு சாய்ஞ்சு நிக்குது, அந்த நிலையில கேபினோட முன் உச்சி கூரையில போய் உரசுச்சு. கணக்குப் போட்டுப் பார்த்தேன், 2.77 மீட்டர். 2 சென்டிமீட்டர் இடிக்குது.

ராம்ப்பை 4.5 மீட்டரா நீட்டிப் பார்த்தேன், அப்பவும் ஒரு சென்டிமீட்டர் கிட்ட இடிக்குது. சி-5, ஏஎன்-124 மாதிரி விமானத்தையே மண்டி போட வைக்கலாம், ஆனா மைனஸ் 30ல அந்த ஹைட்ராலிக்ஸை யார் பார்த்துக்கிறது. மிச்சம் இருக்கிறது கூரைதான். கூரையை 3 மீட்டருக்கு ஏத்தணும், ஏத்தினா உடல் பெருசாகும், எடை ஏறும், மறுபடி இறக்கை, மறுபடி எரிபொருள், அந்த 900 மீட்டர் ரன்வே கணக்கும் முதல்ல இருந்து. அட்டையை மேஜை மேல அப்படியே சாய்ச்சு வச்சிட்டு, புது நோட்டு எடுத்து முதல் பக்கத்துல 3.2 அகலம், 3.0 உயரம்னு ஒரு கட்டம் வரைஞ்சேன், பக்கத்துல அதே அளவுல ஒரு ஆளையும் நிக்க வச்சேன்.